கரிக் கம்பெனியும் எங்கள் ஆபீஸ் ஃபேனும்

நம் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். பேலன்ஸ் ஷீட் படிக்கவும், படம் போட்டு விலையின் போக்கைக் காட்டவும் சொல்லித் தர உங்களுக்கு ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் ரிட்டயர் ஆனவள். என்னிடம் மிச்சமிருப்பது ஒரு சீலிங் ஃபேனைப் பற்றிய அனுபவம்தான். சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என் வேலைக்காலம் முழுவதிலும் நான் எடுத்த ஒரே உருப்படியான முடிவு அந்த ஃபேன் சம்பந்தப்பட்டது என்று என் கணவர் இன்றைக்கும் சொல்கிறார். அவர் சொல்வதில் பாதியை மறுப்பது என் வழக்கம். இதை மறுக்க முடியவில்லை.

விருத்தாசலத்தில் ஒரு மருந்துக் கடைக்கு மேல் மாடியில் இருந்தது எங்கள் ஷேர் ஆபீஸ். இரண்டு கம்ப்யூட்டர், சுவரோரம் ஒரு பெஞ்சு, நடுவில் அந்த ஃபேன். பீங்கான் பட்டறைக்காரர்கள், நெல் வியாபாரிகள், ரிட்டயர் ஆன வாத்தியார்கள் எல்லாரும் வருவார்கள். சேத்தியாத்தோப்பிலிருந்து ஒருவர் வாராவாரம் பஸ் ஏறி வருவார். விலையை மட்டும் கேட்பார், “அப்பிடியா” என்பார், அடுத்த பஸ்ஸில் திரும்பிவிடுவார். ஒரு ஷேர்கூட வாங்கியதில்லை. எங்கள் ஆபீஸுக்கு வந்தவர்களில் நஷ்டமே படாதவர் அவர் ஒருவர்தான்.

இனி தண்டபாணி அண்ணன். செராமிக் பட்டறை வைத்திருந்தார். கொலு பொம்மை, கார்த்திகைக்கு அகல் விளக்கு, மற்ற நாளில் வீட்டு மீட்டர் பெட்டியில் போடும் ஃபியூஸ் கட்டை. ஃபியூஸ் கட்டை செய்கிற மனிதருக்குக் கரண்ட் மேல் அப்படி ஒரு கோபம். காரணம் இருந்தது. அவருடையது கரண்டில் ஓடும் பழைய சூளை. உள்ளே சரக்கு வெந்துகொண்டிருக்கும்போது கரண்ட் போனால் மேலே பூசிய மெருகு பொங்கி, பிள்ளையாருக்கு அம்மை போட்ட மாதிரி ஆகிவிடும். மொத்தச் சரக்கும் வீண். கேஸில் எரியும் சூளை வாங்கினால் அந்தத் தொல்லை இல்லை. மங்கலம்பேட்டைப் பக்கம் இருந்த ஒரு மனையை விற்றார். வந்த பணம் சூளைக்குப் போதவில்லை. அதை எங்கேயாவது போட்டு வளர்க்க வேண்டும் என்றுதான் எங்கள் மாடிப்படி ஏறினார்.

அந்தப் பணம் கரைந்தால் புதுச் சூளை இல்லை, புதுச் சூளை இல்லாவிட்டால் பட்டறை ரொம்ப நாள் தாங்காது. இதை அவர் சொல்லவில்லை. கூட வந்திருந்த அவர் மனைவி மல்லிகா அண்ணி சொன்னார். பொம்மைகளுக்குக் கண் எழுதுகிற கை அவருடையது. பேசும்போதும் அப்படித்தான், ஒரு கோடு அதிகம் இழுக்க மாட்டார்.

கம்ப்யூட்டரில் ஓடும் விலைகளை அண்ணன் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்.

“ஏம்மா தங்கச்சி, ஷேருல செகண்ட்ஸ் இருக்குதா?”

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. எங்கள் ஊரில் பீங்கான் சாமான் சூளையிலிருந்து வந்ததும் இரண்டாகப் பிரிப்பார்கள். மெருகில் ஒரு புள்ளி, விளிம்பில் ஒரு நெளிவு என்றால் அது செகண்ட்ஸ், பாதி விலை. அதில் டீ ஊற்றினால் ஒழுகாது, குடித்தால் ருசி குறையாது. எங்கள் ஊர் வீடுகளில் பாதிக் கோப்பைகள் செகண்ட்ஸ்தான். ஆனால் வாங்குமுன் விரலால் சுண்டிப் பார்ப்போம். கணீர் என்றால் குறை மெருகில். சத்தம் மந்தமாக வந்தால் விரிசல் மண்ணிலேயே இருக்கிறது, சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

சந்தையில் யாரும் சீந்தாத நல்ல கம்பெனியை மலிவாக வாங்கிக் காத்திருப்பதைப் பற்றி நான் தடித்தடியான புத்தகங்கள் படித்திருக்கிறேன். அண்ணன் அதை ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். அதற்காக அவரைப் பெரிய ஞானி என்று நினைத்துவிடாதீர்கள். வாங்குகிறவரைக்கும்தான் அவர் ஞானி. வாங்கிய பிறகு அவர் பட்டபாட்டைத்தான் சொல்லப் போகிறேன்.

அப்போது யாரும் சீந்தாமல் கிடந்தவை மின்சாரம் தயாரிக்கும் கம்பெனிகள். கரி கிடைக்கவில்லை, கடன் அதிகம், கரண்ட் வாங்கிய மாநிலங்கள் காசு கொடுக்க இழுத்தடிக்கின்றன என்று ஆளாளுக்கு முகம் சுளித்துக்கொண்டிருந்தார்கள். எதை வாங்கலாம் என்று நான் வாய் திறந்து சொல்லக்கூடாது, அது சட்டம். ஆண்டறிக்கைகளை எடுத்துக் கொடுக்கலாம், கேட்டதற்கு விளக்கம் சொல்லலாம். அண்ணனும் அண்ணியும் பெஞ்சில் உட்கார்ந்து படித்தார்கள். அவர் கேட்ட கேள்விகள் எல்லாம் சுண்டிப் பார்க்கும் கேள்விகள். உலை ஓடுகிறதா? ஓடுகிறது. கரண்டை வாங்குவதற்கு நீண்ட கால ஒப்பந்தம் இருக்கிறதா? இருக்கிறது. கடன் ஏறுகிறதா இறங்குகிறதா? மெதுவாக இறங்குகிறது. வடக்கே, கரிச் சுரங்கத்துக்குப் பக்கத்திலேயே நிலையம் வைத்திருந்த ஒரு கம்பெனியில் அண்ணன் விரலை வைத்தார். பெயர் நமக்கு எதற்கு? எங்கள் ஆபீஸில் அதற்குக் கரிக் கம்பெனி என்றே பெயர்.

அண்ணன் வாங்கியதைப் பார்த்து, திட்டக்குடியிலிருந்து வரும் வாத்தியார் ஒருவரும் மின்சாரக் கம்பெனி ஒன்றில் இறங்கினார். ஆனால் வேறு கம்பெனி. ஒரு ஷேர் ஒரு டீயின் விலையைவிடக் குறைவு என்பதில் அவருக்கு அளவில்லாத சந்தோஷம். அந்தக் கம்பெனியின் நிலையத்தில் புகைபோக்கி மட்டும்தான் நின்றது, அடுப்பே பற்ற வைக்கவில்லை. அறிக்கையைப் பிரித்து அந்தப் பக்கத்தைக் காட்டினேன். இதற்கு மேல் என்ன இறங்கிவிடும் என்றார். இறங்கியது. கடைசியில் அந்தக் கம்பெனியே சந்தையில் இல்லாமல் போனது. வாத்தியார் நல்ல மனிதர், யாரையும் குறை சொல்லவில்லை. “டீயாவது குடிச்சிருக்கலாம்” என்றார். மலிவு வேறு, செகண்ட்ஸ் வேறு. அதை அந்த வாத்தியார்தான் தன் செலவில் எங்கள் எல்லாருக்கும் புரிய வைத்தார்.

அண்ணனைப் பார்த்து ஊரில் இன்னும் சிலர் கரிக் கம்பெனியிலேயே கொஞ்சம் போட்டிருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்கள் மட்டுமே செய்யக்கூடிய ஒரு தப்பு உண்டு. சூளை வைத்திருக்கும் ஊர். கரண்ட் போனால் யாராவது ஒருவர் வயிறு எரியும். எரிந்த வயிற்றோடு அவர்கள் நேரே வருவது எங்கள் ஆபீஸுக்கு. கரிக் கம்பெனி ஷேரை விற்கச் சொல்லி! அந்தக் கம்பெனி கரண்ட் தயாரிப்பது எங்கோ வடக்கே. விற்பதும் அந்தப் பக்கத்து மாநிலங்களுக்கு. எங்கள் ஊரில் வேப்பங்கிளை ஒயரில் உரசினால் அதற்கு அவர்கள் என்ன செய்வார்கள்? இதை நான் தமிழில்தான் சொன்னேன். தண்டபாணி அண்ணன் கேட்டுக்கொண்டு, எல்லாம் சரி என்று தலையாட்டிவிட்டுச் சொன்னார்:

“கரண்ட்டுன்னா கரண்ட்டுதாம்மா. அவன் என்னா, இவன் என்னா. எல்லாம் ஒரே ஒயருதான.”

 

இதில் பெரிய வேடிக்கை, உண்மை நேர் எதிராக இருந்தது. வெயில் ஏறி, நாடு முழுக்கக் கரண்ட் பற்றாக்குறை என்றால் கரண்ட் தயாரிக்கிறவனுக்கு நல்ல காலம். எங்கள் ஆட்கள் கம்பெனிக்கு நல்ல காலம் வரும்போதெல்லாம் விற்கத் துடிப்பார்கள், ஊரில் ஃபேன் குளுகுளுவென்று ஓடும் மார்கழியில் நாலு ஷேர் சேர்த்து வாங்குவார்கள். சந்தையைத் தலைகீழாகப் பிடித்துப் படித்தால் இப்படித்தான்.

அப்படியானால் எல்லாரும் விற்றுத் தொலைத்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். விற்கவில்லை. ஏனென்றால் ஊரில் கரண்ட் போனால் எங்கள் ஆபீஸிலும் கரண்ட் போகும். பேட்டரி கொஞ்ச நேரம் முனகிவிட்டு நின்றுவிடும். கம்ப்யூட்டர் கறுப்பாக இருக்க, எதிரே அண்ணன் சிவப்பாக நிற்பார். தலைமை ஆபீஸுக்குப் போன் போட்டு ஆர்டர் கொடுக்கலாம் என்ற வழி இருந்தது, அதையும் சொல்வேன். அந்த லைனில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கும், ஆள் வரமாட்டார். அண்ணன் இரண்டு சரணம் கேட்டுவிட்டு ரிசீவரை வைத்துவிடுவார். கரண்ட் திரும்பி வந்ததும் ஃபேன் சுற்றும், அவர் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு, சரி இருந்துவிட்டுப் போகட்டும் என்று படியிறங்குவார். அவருடைய சூளைப் பணத்தைப் பல மாதங்கள் காப்பாற்றியது என் அறிவு இல்லை, எங்கள் ஊர் மின்வெட்டுதான்.

இந்த நேரத்தில்தான் தலைமை ஆபீஸ் எங்களுக்கு இன்வெர்ட்டர் அனுப்பி வைத்தது.

மற்ற ஊர் கிளைகளில் இனிப்பு கொடுத்துக் கொண்டாடியிருப்பார்கள். எனக்கு அது வேண்டாத விருந்தாளி. இனிமேல் கோபம் வந்த அதே நிமிஷத்தில் விற்கலாம். தண்டபாணி அண்ணனின் பணம் அப்போது வாங்கிய விலைக்கும் கீழே கிடந்தது. அன்றைக்கு விற்றால் சூளைக் கனவில் பாதி போய்விடும். இன்வெர்ட்டரை நான் பழுதாக்கிவிட்டால் என்ன என்று ஒரு நினைப்புகூட வந்தது. ஒயர் என் காலடியில்தான் போனது. செருப்பு நுனியால் ஒரு தள்ளு, அவ்வளவுதான்.

அதைச் செய்யவில்லை. நான் வேலை பழகிய காலத்தில் கடலூர்க் கிளையில் ஒரு சீனியர் அம்மா இருந்தார். கறாரானவர், சிரித்துப் பார்த்ததில்லை. அவர் சொன்னது ஒன்றுதான் மண்டையில் நின்றிருந்தது. ஆர்டர் வாடிக்கையாளரோடது, அதைத் தடுக்கிற உரிமை நமக்குக் கிடையாது, அவசரப்படுத்துற உரிமையும் கிடையாது. முதல் பாதியை வைத்துக்கொண்டு நான் செருப்பை உள்ளே இழுத்துக்கொண்டேன். இரண்டாம் பாதி எதற்கு என்று எனக்கு அப்போது தெரியவில்லை.

கடைசி இணைப்பைக் கொடுக்க எலக்ட்ரீஷியன் வந்தார். இந்த இன்வெர்ட்டர் இரண்டு கம்ப்யூட்டரும் ஃபேனும் சேர்த்துத் தாங்காது, இரண்டு கம்ப்யூட்டர் வேண்டுமா, ஒரு கம்ப்யூட்டரும் ஃபேனும் வேண்டுமா என்று ஏணி மேல் நின்றபடி கேட்டார். தலைமை ஆபீஸ் சொல்லியிருந்தது இரண்டு கம்ப்யூட்டர். ஏணி மேல் நிற்பவரை ரொம்ப நேரம் காக்க வைக்க முடியாது. ஃபேன் என்றேன்.

“மேலிடத்துல கேட்டா?” என்றார்.

கேட்டால் எனக்கு வியர்க்கிறது என்று சொல்லுங்கள் என்றேன். அது பொய்யும் இல்லை.

இனிமேல் நடந்ததைப் பாருங்கள். சித்திரை வெயிலில் ஒரு நாள் காலையிலேயே கரண்ட் போனது. படியில் தடதடவென்று சத்தம். அண்ணன் முதல் ஆளாக வரவில்லை, அவருக்கு முன்னாலேயே நாலைந்து பேர். ஒரே கம்ப்யூட்டர், எனவே வரிசை. வரிசை என்றால் பெஞ்சு, பெஞ்சு என்றால் ஃபேனுக்கு நேர் கீழே. ஊர் முழுக்க வெந்துகொண்டிருக்க, காற்று வரும் இடம் அது ஒன்றுதான். ஒருவர் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றினார். ஒருவர் கீழே ஆள் அனுப்பி டீ வரவழைத்தார். கோபத்தோடு வந்தவர் தன் முறை வரும்போது சுகர் மாத்திரை விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். பாதிப் பேர் விற்காமலேயே போனார்கள். இரண்டு பேர் விற்றார்கள், அவர்களுக்குப் பெண் கல்யாணம், காது குத்து என்று நிஜமான தேவை இருந்தது. கையெழுத்து வாங்கி மறுபேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தேன்.

தண்டபாணி அண்ணன் தூங்கிவிட்டார். முந்தைய நாள் முழுக்கச் சூளையோடு மல்லுக்கட்டிய களைப்பு. வாய் லேசாகத் திறந்திருந்தது. மீசையில் வெள்ளை மண்.

அவர் முறை வந்தது. நான் முன்பே சொன்ன சங்கடம் இப்போதுதான் முழுதாக வந்து நின்றது. எழுப்பாமல் விட்டால் சந்தை மூடிவிடும், பணம் பிழைக்கும். பெஞ்சில் இருந்த நெல் வியாபாரி ஒருவர், எழுப்பாதே என்று எனக்குக் கண்ணைக் காட்டினார். அவருக்கும் கதை தெரியும். ஊருக்கே தெரியும். ஆனால் தூங்குகிறவரின் பணத்தை அவருக்காக நான் காப்பாற்றினால் நாளைக்கு விழித்திருக்கிறவரின் பணத்தையும் காப்பாற்றத் தோன்றும். பிறகு அது அவர் பணம் இல்லை, என் பணம் ஆகிவிடும். தோளைத் தொட்டு எழுப்பினேன்.

“அண்ணே, உங்க முறை.”

கண்ணைத் திறந்து மேலே பார்த்தார்.

“கரண்ட்டு வந்துடுச்சா?”

“வரலைங்க.”

“அப்பறம் எப்பிடி ஃபேன் ஓடுது?”

இன்வெர்ட்டர் என்றேன். எழுந்து போய் அதைக் குனிந்து பார்த்தார், தட்டிப் பார்த்தார். விரலால் சுண்டியும் பார்த்தார், பழக்க தோஷம். என்ன விலை, எந்தக் கடை, பொம்மைக்கு வர்ணம் பூசும் அறைக்கு ஒன்று போட்டால் பெண்கள் வேர்வை இல்லாமல் வேலை செய்வார்களே என்று கேட்டார். கடையின் பெயரைச் சொன்னேன். படியிறங்கிப் போய்விட்டார். விற்க வந்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. ஷேர் என்ன ஆச்சு அண்ணே என்று படியில் குரல் கொடுத்தேன், அதுவும் என் கடமைதான். “அது கெடக்கட்டும்மா” என்று கீழேயிருந்து பதில் வந்தது.

அதற்குப் பிறகு காலம் மாறியது. வெயில் ஏறியது, ஊரெங்கும் ஏசி மாட்டினார்கள், ஆலைகள் ஓடின, கரிக் கம்பெனி கடனைக் கட்டி முடித்து லாபத்தில் பங்கும் கொடுத்தது. முகம் சுளித்தவர்கள் எல்லாரும் முண்டியடித்து வாங்கினார்கள். அண்ணன் கையிலிருந்த ஷேர்களின் மதிப்பு சூளையின் விலையைத் தொட்டு, அதையும் தாண்டியது. கதை முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன். நம் தொழிலில் அது முட்டாள்தனமான நினைப்பு.

இப்போது அண்ணன் விற்க மாட்டேன் என்றார்.

காரணம், அவர் பெரிய மனிதர் ஆகிவிட்டார். பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் அவரைச் சுற்றி ஆள் கூடியது. கரிக் கம்பெனியை அவர் நம்ம கம்பெனி என்று சொல்ல ஆரம்பித்தார். மனைகூட இப்படி வளராது என்றார். சேத்தியாத்தோப்புக்காரரிடமே வாங்கச் சொல்லி வாதாடினார். அவர் “அப்பிடியா” என்றுவிட்டு பஸ்ஸுக்குப் போனார். யாரும் சீந்தாதபோது வாங்க ஒரு தைரியம் வேண்டும். எல்லாரும் கொண்டாடும்போது விற்க அதைவிடப் பெரிய தைரியம் வேண்டும், அப்போது கூட நிற்க ஒருத்தரும் இருக்க மாட்டார்கள்.

விற்கிற பக்கம் மல்லிகா அண்ணி மட்டும் நின்றார். ஒரு நாள் இருவரும் சேர்ந்தே வந்தார்கள். கேஸ் சூளை விற்கும் கம்பெனிக்காரர் விலை சொல்லிவிட்டார், முன்பணம் கேட்கிறார் என்றார் அண்ணி. அண்ணன் என்னிடம் திரும்பி, இன்னும் ஏறும் இல்லையா என்று கேட்டார். ஏறலாம், இறங்கலாம், எனக்குத் தெரியாது என்றேன். அவர் என்னை ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது மாதிரி பார்த்துவிட்டு, அடுத்த வருஷம் வாங்கிக்கலாம் என்று அண்ணியிடம் சொன்னார். அண்ணி விலைச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். எனக்குத்தான் தாங்கவில்லை. அந்தப் பெண்மணி கண் எழுதிய பொம்மைகள் எத்தனையோ தடவை பொங்கிப் போனதை நான் குப்பைமேட்டில் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு அண்ணன் மேல் நல்ல கோபம்.

அந்த நேரத்தில் கரண்ட் போனது.

எங்கள் ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அண்ணனின் போன் அடித்தது. பட்டறையிலிருந்து. சூளை நின்றுவிட்டது, உள்ளே கொலுவுக்கான மொத்தச் சரக்கும் இருக்கிறது. போனை வைத்தார். முகம் பழைய சிவப்பு.

“இவனுங்க கம்பெனிக்கு நான் காச வேற குடுத்து வெச்சிருக்கேன். வித்துடும்மா. எல்லாத்தையும் வித்துடு, இப்பவே.”

நல்ல விலை, தேவையான பணம், வாயால் சொன்ன ஆர்டர். கம்ப்யூட்டர் ஓடுகிறது. வரிசையில் வேறு ஆள் இல்லை. அண்ணி என்னைப் பார்த்தார். “சொல்லிட்டாருல்லம்மா, போட்டுடு” என்றார்.

என் விரல் கீபோர்டு வரைக்கும் போனது. உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது, போட்டுவிடத்தான் ஆசை. அப்போதுதான் கடலூர் அம்மா சொன்ன இரண்டாம் பாதி எதற்கென்று புரிந்தது. அவசரப்படுத்துகிற உரிமையும் கிடையாது. அன்றைக்குக் கோபத்தில் விற்க வந்தவரை ஃபேன் கீழே உட்கார வைத்தேன், அது அவருக்கு நல்லது என்று எனக்குத் தோன்றியதால். இன்றைக்கும் அதே கோபம், அதே மனிதர். என் மனதுக்குப் பிடித்த ஆர்டர் என்பதற்காக ஃபேனை மறந்துவிட முடியுமா? ஃபேன் எல்லாருக்கும் பொது என்றால், எனக்குப் பிடிக்காத சமயத்திலும் பொதுதான்.

“அண்ணே, கொஞ்சம் ஃபேன் கீழ ஒக்காருங்க. தண்ணி குடிச்சுட்டு சொல்லுங்க, அப்பறம் போடறேன்.”

அண்ணி என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. அந்தச் சூட்டில் சூளை இல்லாமலே மெருகு ஏறியிருக்கும். அண்ணன் உட்கார்ந்தார். தண்ணீர் குடித்தார். பட்டனைக் கழற்றினார். முகத்தில் சிவப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. போச்சு, சரி கெடக்கட்டும்மா என்று இப்போது எழுந்து போகப் போகிறார், அண்ணியின் சூளை என்னால் போயிற்று என்று நினைத்தேன்.

அண்ணி எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். சத்தமில்லாமல்தான் சொன்னார், ஆபீஸ் சின்னது, எனக்குக் கேட்டது.

“அந்தக் கம்பெனி நல்லாதான் இருக்குதுங்க. நம்ம சூளைதான் நல்லா இல்ல.”

அண்ணன் கழற்றிய பட்டனைத் திரும்பப் போட்டுக்கொண்டார். பிறகு என்ன விலை என்று கேட்டார். சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னார். சொன்னேன். எழுந்து வந்து பேனாவை எடுத்தார்.

“வித்துடும்மா. கோவத்துல சொல்லல. சூளைக்குன்னு வாங்குனது, சூளைக்கே போவட்டும்.”

கையெழுத்துப் போட்டார். ஆர்டர் போனது, விற்று முடிந்தது. முடிந்த அதே நிமிஷம் கரண்ட் வந்தது. தெருவில் ஒரே நேரத்தில் எல்லாக் கடையிலும் மோட்டார் சத்தம். அண்ணன் ஃபேனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா என்று அவர் நினைத்தது முகத்தில் தெரிந்தது. அண்ணி அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்துக்கொண்டு போனார். படியில் அண்ணி சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் சிரித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை. 

அதற்கப்புறம் அந்த ஷேர் இன்னும் ஏறியது. டீக்கடையில் அண்ணனைக் கேலி செய்தார்கள். பிறகு இறங்கியது, கேலி செய்தவர்கள் எங்கள் பெஞ்சில் வந்து உட்கார்ந்தார்கள். அண்ணன் இரண்டு சமயத்திலும் வரவில்லை. கேஸ் சூளையில் வேலை அதிகம். முதல் சூட்டில் வந்த பிள்ளையாரை எனக்குக் கொடுத்தனுப்பியிருந்தார். வாங்கியதும் சுண்டிப் பார்த்தேன், கணீர் என்றது. தும்பிக்கையில் மட்டும் ஒரு சின்னப் புள்ளி. செகண்ட்ஸ்! விற்காத சரக்கைத்தான் தங்கச்சிக்குக் கொடுப்பார்கள்.

இப்போது எல்லாரும் போனிலேயே வாங்குகிறார்கள், விற்கிறார்கள். ஆபீஸுக்கு வருகிறவர்கள் குறைவு என்று சொல்கிறீர்கள். இருக்கட்டும். வருகிறவர் எப்போதும் சூட்டோடுதான் வருவார். நான் ரிட்டயர் ஆன நாளில் சாவியை ஒப்படைக்கும்போதுகூடப் படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. தண்டபாணி அண்ணன்.

“தங்கச்சி, இந்த கேஸ் கம்பெனிங்க ஷேரு எப்பிடி? வெலை ரொம்ப கொறஞ்சு கெடக்குதாமே. ஆனா ஒண்ணு, சிலிண்டரு லேட்டா அனுப்புறானுங்க, அவனுங்கள நம்பி எப்பிடி காசு போடறது?”

என் இடத்துக்கு வந்திருந்த பெண் வாயைத் திறந்தாள். நான் அவளுக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, கடைசித் தடவையாக அந்த ஃபேன் சுவிட்சைப் போட்டேன்.

“வாங்கண்ணே. மொதல்ல ஃபேன் கீழ ஒக்காருங்க.”